அடையாளம் தெரியாத பழைய வாட்ச்: செய்தவரைக் கண்டுபிடிக்கும் வழி

டயலில் கேள்விப்படாத ஒரு பெயர். தேடிப் பார்த்தால் என்றோ ஏலத்தில் போன இரண்டு படங்கள் வருகின்றன, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு வாட்ச் கைக்கு வந்ததும் எழும் கேள்வி, "இது எந்தக் கம்பெனி செய்தது?" என்பதுதான். 1920களிலிருந்து 1970கள் வரை வந்த சுவிஸ் வாட்சுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. கேள்வியை நான்காக உடைத்துக்கொண்டால்தான் பதில் வரத் தொடங்கும். மெஷினின் மூலப் பாகங்களைச் செய்தவர் யார்? கேஸைச் செய்தவர் யார்? எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டி முடித்தவர் யார்? டயலில் பெயரைப் போட்டு விற்றவர் யார்?

இந்த நான்கும் ஒரே இடமாக இருந்த கம்பெனிகள் உண்டு. லாஞ்சின்ஸ், ஜெனித் போன்றவை சொந்த மெஷின் செய்தவை. ஆனால் சுவிஸ் தொழிலின் பெரும்பகுதி பங்கு பிரித்து நடந்தது. ஒரு தொழிற்சாலை மெஷினின் தட்டு, பிரிட்ஜ் (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடு), சக்கரங்களை மொத்தமாகச் செய்து விற்கும். டயல், முள், கேஸ், ஹேர் ஸ்பிரிங் (மயிரிழை போன்ற சுருள்) ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டறை. நடுவில் இருப்பவர் எல்லாவற்றையும் வரவழைத்துப் பூட்டி, நேரம் சரிபார்த்து, கேட்டவர் பெயரை டயலில் அச்சிட்டுக் கொடுப்பார். கேட்டவர் ஒரு நகைக்கடைக்காரராகவோ, வேறொரு நாட்டின் இறக்குமதியாளராகவோ இருக்கலாம். அதனால்தான் ஒரே மெஷின் நூற்றுக்கணக்கான பெயர்களின் கீழ் வருகிறது. டயல் பெயர் விற்றவரைச் சொல்லும், மெஷினும் கேஸும் செய்தவரைச் சொல்லும். தேடல் எப்போதும் உள்ளிருந்து வெளியே வர வேண்டும்.

திறப்பதற்கு முன்

டயலிலோ முள்ளிலோ பழுப்பேறிய ஒளிர்பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். 1960களுக்கு முந்தைய வாட்சுகளில் அது சாதாரணம். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். பூச்சு இருட்டில் ஒளிராமல் போயிருப்பது அதில் உள்ள பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் செத்ததால்தான். கதிர்வீச்சு அப்படியே இருக்கும். மூடிய வாட்சை வைத்திருப்பதில் பெரிய கவலை இல்லை. கண்ணாடியைக் கழற்றி, உதிர்ந்த தூளை ஊதினாலோ சுரண்டினாலோ அது மூச்சில் போகும். கையுறை போட்டு, ஈரத் துணி விரித்து, தூள் பறக்காமல் வேலை செய்யுங்கள். இனங்காண்பதற்காக மட்டும் என்றால் அப்படிப்பட்ட டயலைத் தொடாமல் பின்பக்கம் மட்டும் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பின்மூடி எந்த வகை என்று முதலில் பாருங்கள். விளிம்பில் ஒரு சின்ன உதடு அல்லது பள்ளம் தெரிந்தால் அழுத்தி மூடும் வகை. கேஸ் கத்தியை அந்த இடத்தில் மட்டும் வைத்து நெம்ப வேண்டும். பக்கத்தில் உள்ள லக்குகளுக்கு (பட்டை மாட்டும் கொம்புகளுக்கு) டேப் ஒட்டிவிட்டால் கத்தி வழுக்கினாலும் கீறல் விழாது. சுற்றிலும் வெட்டுப் பள்ளங்கள் இருந்தால் மரைமூடி. அதற்கு மூன்று கால் கொண்ட ஜாக்ஸா சாவி வேண்டும். கால்கள் பள்ளத்தில் முழுசாக உட்காராமல் திருப்பினால் மூடி முழுக்கக் கோடு விழும். பின்பக்கம் எந்த இணைப்புக் கோடும் இல்லை என்றால் அது ஒற்றைத் துண்டுக் கேஸ். மெஷின் முன்பக்கமாக, கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான் வெளியே வரும். அதில் கிரவுனின் (சாவி கொடுக்கும் குமிழின்) தண்டு இரண்டு துண்டாகச் செருகியிருக்கும். இந்த வகையை அறியாமல் பின்பக்கம் நெம்பிப் பாழான கேஸ்கள் ஏராளம்.

வேறு தேவையானவை: 10 மடங்கு லென்ஸ், காற்று ஊதும் ரப்பர் பந்து, விரலுறை, மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று வரை காட்டும் வெர்னியர், பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடிக்கக்கூடிய ஒரு சிறு விளக்கு. நேர் வெளிச்சத்தில் தெரியாத முத்திரைகள் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும்.

பேலன்ஸ் வீலுக்குக் கீழே

மெஷின் கண்ணில் பட்டதும் பிரிட்ஜில் பொறித்திருக்கும் பெரிய எழுத்துகளைத்தான் எல்லோரும் படிப்பார்கள். அவை பெரும்பாலும் டயல் பெயரையே திரும்பச் சொல்லும். உங்களுக்கு வேண்டியது அதைவிடச் சிறியது: பேலன்ஸ் வீலின் (முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்தின்) விளிம்புக்குக் கீழே அடித்தட்டில் இருக்கும் முத்திரை. ஒரு சின்னமும், அதற்குப் பக்கத்தில் அல்லது கீழே இரண்டு முதல் நான்கு இலக்கக் காலிபர் எண்ணும், அதாவது மெஷினின் மாடல் எண்ணும், இருக்கும். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தால் கேமராவை அசையாமல் நிறுத்தி அரை விநாடி எக்ஸ்போஷர் வைத்துப் படம் எடுங்கள். சுழலும் வீல் மங்கிப் போய், கீழே உள்ள எண் தெளிவாக வரும். நின்றுபோன வாட்சில் வீலின் கைகள் எண்ணை மறைத்தால் விரலாலோ ட்வீசராலோ தள்ள வேண்டாம். வாட்சை மெதுவாகச் சுழற்றினாலே வீல் சற்று நகர்ந்து இடம் கொடுக்கும். ஹேர் ஸ்பிரிங்கை ஒருமுறை தொட்டு வளைத்துவிட்டால் சரிசெய்வது தேர்ந்த கைகளுக்கே கடினம்.

அதிகம் கண்ணில் படும் முத்திரைகள் சில. 'ஏ.எஸ்.' என்றால் கிரெஞ்சென் ஊரின் ஏ. ஷில்ட். 'எஃப்.எச்.எஃப்.' என்றால் ஃபொன்தென்மெலோன் தொழிற்சாலை, 1793இல் தொடங்கியது. 'எஃப்.இ.எஃப்.' என்றால் ஃப்ளூரியே. 'ஈ.டி.ஏ.' எட்டர்னாவிலிருந்து மெஷின் பிரிவாகப் பிரிந்த நிறுவனம். யுனிடாஸ், பெசூ, ஃபெல்சா, வீனஸ், லாந்தெரோன், வால்ஜூ என்று வரிசை நீளும். பழைய வால்ஜூ மெஷின்களில் அந்தப் பெயருக்குப் பதில் 'ஆர்' என்ற ஓர் எழுத்து மட்டும் இருக்கும்; ரெமோன் சகோதரர்களின் நினைவு அது. 1926இல் ஏ. ஷில்ட், ஃபொன்தென்மெலோன், அடோல்ஃப் மிஷெல் மூவரும் சேர்ந்து எபோஷ் (மூல மெஷின்) எஸ்.ஏ. என்ற கூட்டு நிறுவனத்தை உருவாக்கினார்கள். பின்னர் ஈ.டி.ஏ. உட்படப் பலர் அதற்குள் வந்தார்கள். ஆகவே ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் முத்திரைகள் பலவாகத் தொடர்ந்தன, பாகங்கள் கைமாறின. கிரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள) மெஷின்களில் இது நன்றாகத் தெரியும்: வீனஸ் 188 என்ற மெஷின்தான் வால்ஜூ அதை எடுத்துக்கொண்ட பிறகு 7730 என்ற எண்ணில் வந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்று போலி என்று சொல்லிவிடக் கூடாது.

முத்திரை சுவிஸ் அல்லாத நாட்டையும் காட்டலாம். 'பி.யு.டபிள்யூ.' அல்லது டுரோவே என்றால் ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம். குபியார், லோர்சா, ஃப்ரான்ஸ் எபோஷ் என்றால் பிரான்ஸ். சோவியத் வாட்சுகளில் நான்கிலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மெஷினின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லும், அடுத்த இரண்டும் அதன் வசதிகளை. வோஸ்டாக்கின் 2414 என்றால் 24 மி.மீ., நடு விநாடி முள்ளோடு தேதி. ராக்கெட்டாவின் 2609 என்றால் 26 மி.மீ. முதல் மாஸ்கோ தொழிற்சாலையின் பழைய மெஷின்களில் காலாண்டும் ஆண்டும்கூடப் பொறித்திருக்கும். இவ்வளவு நேர்மையாகத் தன்னைச் சொல்லும் மெஷின் வேறு எங்கும் அபூர்வம்.

எண்களைக் குழப்பிக்கொள்வது இங்கே நடக்கும் பொதுவான தவறு. ஐந்து முதல் ஏழு இலக்கம் வரை நீளும் எண் பெரும்பாலும் வரிசை எண். செய்தவர் யார் என்று தெரியாதவரை அதனால் பயன் இல்லை. 15, 17, 21 என்பவை கல் எண்ணிக்கை, அதாவது அச்சுகள் தேயாமல் சுழல வைக்கும் மாணிக்கக் கற்களின் எண்ணிக்கை. கூட்டல் குறி போன்ற சிலுவைக்குப் பின் வரும் எண் சுவிஸ் காப்புரிமை எண்.

முத்திரையே இல்லையென்றால்

அப்போதும் வழி இருக்கிறது, மெனக்கெட வேண்டும். முதலில் விட்டம். மெஷினைக் கேஸிலிருந்து எடுத்து, டயல் பக்கத்து விளிம்பில் அளக்க வேண்டும். பழைய அளவு லீன். ஒரு லீன் 2.2558 மி.மீ. 8¾ லீன் என்றால் 19.7 மி.மீ., 10½ என்றால் 23.7, 11½ என்றால் 25.9, 13 என்றால் 29.3. நீள்சதுர மெஷினுக்கு நீளம், அகலம் இரண்டையும் அளந்து வையுங்கள். பிறகு குறித்துக்கொள்ள வேண்டியவை: விநாடி முள் நடுவிலா ஆறு மணியிலா, கல் எத்தனை, மணிக்கு எத்தனை துடிப்பு. பழைய மெஷின்களில் 18000 வழக்கம். 21600, 28800 என்று ஏற ஏற மெஷின் பிந்திய காலத்தது.

உறுதியான அடையாளம் டயலுக்குக் கீழே இருக்கிறது. கிரவுனை இழுத்து நேரம் திருப்பும் அமைப்பை ஒரு வளைந்த எஃகுத் தகடு பிடித்திருக்கும். அதன் வெளிவடிவம், அதில் உள்ள கொக்கி, திருகுகளின் இடம் ஆகியவை காலிபருக்குக் காலிபர் மாறும். மேல்பக்கத்துப் பிரிட்ஜ்களை வாங்குபவர் கேட்டபடி வேறு வடிவில் வெட்டித் தருவது அந்தத் தொழிலில் சாதாரணம். செட்டிங் பாகங்களைத் தொழிற்சாலைகள் அவ்வளவு எளிதில் மாற்றவில்லை. மாற்றினால் உதிரிபாகம் பொருந்தாது. அதனால்தான் பெஸ்ட்ஃபிட், ஃப்ளூமே போன்ற பழைய உதிரிபாகக் கேட்லாக்குகள் மெஷினின் அளவையும் இந்தத் தகடுகளின் வடிவத்தையும் வைத்தே காலிபரைக் கண்டுபிடிக்க வழி செய்தன. அளவு பொருந்தி, தகட்டின் நிழலுருவும் பொருந்தினால் காலிபர் உறுதி. மேல்பக்கத்தைப் பார்த்து "அதே மாதிரி இருக்கிறது" என்பதில் அந்த உறுதி கிடையாது.

டயலைக் கழற்றுவது பொறுமையான வேலை. முட்களை இரு சிறு நெம்புகோல்களால் தூக்கும்முன் டயல் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரிக்க வேண்டும். டயலின் கால்களைப் பிடிக்கும் இரண்டு சிறு திருகுகள் மெஷினின் பக்கவாட்டில் இருக்கும். ஒன்றிரண்டு சுற்று தளர்த்தினால் போதும். தண்டை வெளியே எடுக்க, அதன் அருகே உள்ள செட்டிங் லீவர் திருகை அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை மட்டும் தளர்த்துங்கள். முழுசாகக் கழற்றினால் உள்ளே லீவர் நழுவி விழுந்துவிடும். திரும்பப் பொருத்த டயலையும் செட்டிங் அமைப்பையும் பிரிக்க வேண்டி வரும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தை ஒரு வாட்ச் ரிப்பேர்காரரிடம் விடுவது நல்லது. எண்ணெய் மாற்ற எப்படியும் பிரிப்பார். அப்போது டயலின் பின்பக்கத்தையும் டயலுக்குக் கீழ் உள்ள தட்டையும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சில மெஷின்களில் காலிபர் எண் அங்கேதான் பொறித்திருக்கும்.

எண் கிடைத்தவுடன் அதன் குடும்பத்தையும் பாருங்கள். ஒரே அடிப்படையில் தேதி உள்ளது, இல்லாதது, தானாகச் சாவி ஏறுவது என்று பல எண்கள் பிறக்கும். ஈ.டி.ஏ. 2801 கையால் சாவி கொடுப்பது, 2804 அதோடு தேதி, 2824 ஆட்டோமேட்டிக். ஒரு ரோட்டரை (ஆட்டோமேட்டிக்கில் சுழலும் எடைத் தகட்டை) கழற்றிவிட்டால் பார்வைக்கு ஒன்று இன்னொன்றாகிவிடும்.

அமெரிக்கச் சந்தையின் எழுத்துகள்

பிரிட்ஜில் "17 செவன்டீன் ஜுவல்ஸ்" என்று எண்ணாலும் எழுத்தாலும் இருமுறை எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டு இறக்குமதி வரிச் சட்டம். நாட்டின் பெயர், கல் எண்ணிக்கை எண்ணிலும் எழுத்திலும், செய்தவர் அல்லது வாங்குபவர் பெயர் எல்லாம் மெஷினில் இருக்க வேண்டும் என்றது அது. "அல்லது வாங்குபவர்" என்பதைக் கவனியுங்கள். பிரிட்ஜில் பெயர் இருப்பதால் அவர்தான் செய்தார் என்று முடிவு கட்ட முடியாது. சட்டமே அதற்கு இடம் கொடுத்தது. 17 கல்லுக்கு மேல் போனால் ஒரு மெஷினுக்கு 10.75 டாலர் வரி. அதனால்தான் அந்தக் காலத்து அமெரிக்க இறக்குமதிகள் பெரும்பாலும் 17 கல்லோடு நின்றன. வெவ்வேறு வெப்பத்திலும் நிலையிலும் நேரம் சரிபார்த்திருந்தால் அதற்கும் தனி வரி. அதைத் தவிர்க்கத்தான் "அன்அட்ஜஸ்டட்" (சரிபார்க்கப்படாதது) என்ற சொல் பொறிக்கப்பட்டது. நல்ல மெஷினிலும் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். அதை வைத்துத் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

1930களின் நடுவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன சுவிஸ் மெஷின்களின் பேலன்ஸ் பிரிட்ஜில் மூன்றெழுத்துக் குறியும் இருக்கும். ஓ.எக்ஸ்.ஜி. என்றால் ஒமேகா, எல்.எக்ஸ்.டபிள்யூ. என்றால் லாஞ்சின்ஸ், ஆர்.ஓ.டபிள்யூ. ரோலெக்ஸ், டபிள்யூ.ஓ.ஜி. பிரைட்லிங், ஏ.எக்ஸ்.ஏ. விட்னாவர். பெயர் தெரியாத டயல் கொண்ட வாட்சில் இப்படி ஒரு குறி கிடைத்தால் அது பெரிய கொடை. இறக்குமதி செய்தவர் யார் என்பது நேராகத் தெரிந்துவிடும். குறியும் டயல் பெயரும் ஒத்துவரவில்லை என்றால் டயலோ மெஷினோ மாறியிருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

கேஸ் சொல்வது

பின்மூடியின் உள்பக்கம் ஒரு தனி ஆவணம். தங்கக் கேஸில் ஹெல்வெட்டியா தலை இருந்தால் சுவிஸ் 18 காரட், அணில் இருந்தால் 14 காரட். வெள்ளியில் கரடி என்றால் 0.875, காட்டுக்கோழி என்றால் 0.800, 1934க்குப் பின் வாத்து என்றால் 0.925. 1995 முதல் எல்லாவற்றுக்கும் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. இவை உலோகத்தின் தரத்தைத்தான் சொல்கின்றன. கேஸ் செய்தவரைச் சொல்வது பக்கத்தில் இருக்கும் சின்னம்: சாவி வடிவத்துக்குள் எண் இருந்தால் ஜெனீவா கேஸ் பட்டறை, சுத்தியல் வடிவத்துக்குள் எண் இருந்தால் நியூஷாட்டல் பகுதி. ஒவ்வொரு எண்ணும் ஒரு பட்டறைக்கு உரியது.

பிரிட்டிஷ் முத்திரைகளில் ஒரு பொறி இருக்கிறது. 1907 ஜூன் முதல் தேதியிலிருந்து இறக்குமதியான தங்க, வெள்ளிக் கேஸ்களும் பிரிட்டனில் சோதனைக்குப் போக வேண்டியிருந்தது. முத்திரையோடு ஒருவர் தன் எழுத்துகளையும் பதிய வேண்டும். அந்த ஒருவர் பல நேரங்களில் சரக்கு முகவர். 'ஜி.எஸ்.' என்ற எழுத்துகள் ஜார்ஜ் ஸ்டாக்வெல் என்ற முகவருடையவை, அவற்றை எண்ணற்ற சுவிஸ் வாட்சுகளில் காணலாம். 'டபிள்யூ & டி' என்றால் வில்ஸ்டார்ஃப், டேவிஸ், அதாவது ரோலெக்ஸின் முன்னோடி. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே மாதிரி முத்திரைகள், சொல்வதோ முற்றிலும் வேறு. தேதி எழுத்து மட்டும் நம்பகமானது. முத்திரை விழுந்த ஆண்டை அது தரும்.

எஃகுக் கேஸ்களில் மொழி நாட்டைக் காட்டும். 'ஃபோன் அசியே இனாக்சிடாப்ல்' என்ற பிரெஞ்சு வரி பின்மூடி மட்டும் துருவேறா எஃகு என்கிறது. மீதி குரோம் பூசிய பித்தளையாக இருக்கலாம். 'வால்ஸ்கோல்ட்' (தங்கத் தகடு போர்த்தியது), 'எடெல்ஸ்டால்போடன்' (துருவேறா எஃகு மூடி) ஜெர்மன். வாட்ஸ்வொர்த், ஸ்டார், கீஸ்டோன் என்ற பெயர்கள் அமெரிக்கக் கேஸ் கம்பெனிகள். சுவிஸ் மெஷின், அமெரிக்கக் கேஸ் என்பது முறையான கூட்டுதான், வெறும் மெஷினாக இறக்கி உள்ளூரில் கேஸ் பூட்டினார்கள்.

உள்பக்கம் டைவர் தலைக்கவச உருவம் இருந்தால் அது எர்வின் பிக்கரே நிறுவனத்தின் கம்ப்ரஸர் என்ற நீர் புகாத கேஸ். பத்துப் பக்கம் கொண்ட மரைமூடி இருந்தால் ஜெனீவாவின் டௌபெர் பட்டறை. இரண்டையும் பல பிராண்டுகள் வாங்கின. கேஸில் உள்ள காப்புரிமை எண்ணை வைத்து வாட்ச் கம்பெனியை முடிவு செய்வது, டயரில் உள்ள பெயரைப் பார்த்து காரின் பெயரைச் சொல்வது போல. ஆனால் எண் வீண் இல்லை. சுவிஸ் காப்புரிமைகள் 1888இலிருந்து எண்ணிட்டு வருகின்றன. ஐரோப்பியக் காப்புரிமைத் தளமான எஸ்பாசெனெட்டில் 'சி.எச்.' என்ற நாட்டுக் குறியோடு எண்ணைக் கொடுத்தால் மூல ஆவணமும் வரைபடமும் கிடைக்கும். அந்த ஆண்டுக்கு முன்னால் அந்தக் கேஸ் இருந்திருக்க முடியாது என்ற உறுதியும் சேர்ந்து கிடைக்கும். 'டி.ஆர்.ஜி.எம்.' என்பது ஜெர்மன் பயன்மாதிரிப் பதிவு, 'எஸ்.ஜி.டி.ஜி.' என்பது பிரெஞ்சுக் காப்புரிமைக் குறி.

கையால் கீறிய சிறு எழுத்துகளும் தேதிகளும் ரிப்பேர்காரர்கள் விட்டுப்போன சர்வீஸ் குறிப்புகள். தயாரிப்பாளருக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆனால் அதில் பழைய தேதி ஒன்று இருந்தால் வாட்ச் அதற்கு முந்தையது என்று சொல்லலாம், மூடி மாறாமல் இருந்தால்.

டயலை நம்பும் அளவு

டயலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதுதான் எளிதில் மாற்றக்கூடிய பாகம். மீண்டும் அச்சிட்ட டயலில் எழுத்துகள் தடித்து, ஓரம் பிசிறு தட்டியிருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராக நிற்காது. ஆறு மணி விநாடி வட்டத்தின் கோடுகள் மையத்திலிருந்து விலகியிருக்கும். ஆறு மணிக்குக் கீழே விளிம்போரம் இருக்க வேண்டிய "சுவிஸ்" காணாமல் போயிருக்கும் அல்லது இடம் மாறியிருக்கும். இந்த அடையாளங்கள் தெரிந்தால் டயல் பெயரைச் சாட்சியாகவே எடுக்க வேண்டாம்.

அசல் டயல் என்றால் அதன் சிறு எழுத்துகள் காலத்தைச் சொல்லும். "ஃபாப். சுவிஸ்" என்று பிரெஞ்சில் இருந்தால் பிரெஞ்சுச் சந்தைக்குப் போனது. "டி சுவிஸ் டி" அல்லது "டி சுவிஸ் மேட் டி" என்றால் ட்ரிடியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் கலந்த ஒளிர்பூச்சு, 1960களிலிருந்து 1990களின் இறுதி வரை. டைமெக்ஸ் டயலின் அடியில் உள்ள நுண்ணிய எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் ஆண்டு. புலோவாவில் 1950 முதல் எழுத்தும் எண்ணும்: எல் என்றால் 1950கள், எம் 1960கள், என் 1970கள், எம்5 என்றால் 1965. சீகோவின் பின்மூடியில் காலிபர் எண்ணும் கேஸ் எண்ணும் கோடிட்டுப் பிரித்திருக்கும், வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். பத்தாண்டு எது என்பதை மட்டும் காலிபரை வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.

பிராண்ட் என்று தவறாக எண்ணப்படும் சொற்களும் டயலில்தான் இருக்கின்றன. இன்காப்ளாக் ஓர் அதிர்ச்சித் தாங்கி, வாட்ச் விழுந்தால் பேலன்ஸின் அச்சு உடையாமல் காப்பது. பேலன்ஸின் மேலே யாழ் வடிவ ஸ்பிரிங்காகத் தெரியும். கிஃப் இன்னொன்று, மூன்றிதழ் வடிவம். "ஆங்கர்", "அங்கர்" என்பவை லீவர் எஸ்கேப்மென்ட் (சக்கரங்களைத் துடிப்புக்குத் துடிப்பு விடுவிக்கும் நெம்புகோல் அமைப்பு) என்று அறிவிக்கின்றன. "ரூபி" கல்லைக் குறிக்கிறது. டயலில் இவை மட்டும் இருந்து வேறு பெயரே இல்லையென்றால், அது பெயர் போடாமல் விற்ற வாட்ச். அதற்கு டயல் பெயரைத் தேடி அலைய வேண்டாம். இன்காப்ளாக் 1930களில் வந்தது. ஆகவே அது உள்ள வாட்சை 1920கள் என்று விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள்.

பெயரைத் தேடுவது

காலிபரும் காலமும் கையில் இருக்கும்போதுதான் பெயரைத் தேடுவதில் பொருள் இருக்கிறது. ஒரே பெயரை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு பத்தாண்டுகளில் வெவ்வேறு ஆட்கள் பதிவு செய்திருப்பார்கள். காலம் தெரியாமல் தேடினால் முதலில் கண்ணில் படுபவரை உரிமையாளராக எடுத்துக்கொள்வோம். மிக்ரோலிஸ்க் என்ற ஜெர்மன் இணையப் பட்டியலில் கடிகார வணிகப் பெயர்களையும் சின்னங்களையும் தேடலாம். பெயரின் ஒரு பகுதி மட்டும் படிக்க முடிந்தாலும் தேடல் நடக்கும். சுவிஸ் அரசின் வணிக இதழ் 1883 முதல் வணிகச் சின்னப் பதிவுகளை வெளியிட்டது. அதில் பதிவு செய்தவரின் பெயர், ஊர், தேதி மூன்றும் இருக்கும். தவுவான் என்ற ஆண்டுக் கையேடு சுவிஸ் கடிகாரத் தொழிலில் இருந்தவர்களை ஊர்வாரியாக அடுக்கியது. ஒரு பெயர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தென்படுகிறது என்று பார்த்தால் கம்பெனியின் ஆயுள் தெரியும். எழுத்தின் மேல் உள்ள புள்ளி, கோடு இவற்றை விட்டும் சேர்த்தும் இரண்டு விதமாகத் தேடுங்கள். சின்னத்தில் கிரீடமோ நட்சத்திரமோ இருந்தால் அதையும் தேடல் சொல்லாக வையுங்கள்.

சுவிஸ் பதிவில் எதுவும் இல்லையென்றால் பெயர் விற்ற நாட்டில் பதிவாகியிருக்கலாம். அமெரிக்க, பிரிட்டிஷ், ஜெர்மன் வணிகச் சின்னப் பதிவேடுகளையும், டயலில் உள்ள மொழி காட்டும் நாட்டின் பழைய செய்தித்தாள் விளம்பரங்களையும் பாருங்கள். நகைக்கடை விளம்பரம் ஒன்று கிடைத்தால் பெயரின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா

எல்லாத் தடயங்களையும் வைத்த பிறகு பார்க்க வேண்டியது, அவை ஒரே வாட்சுக்கு உரியவையா என்பது. பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியவை நிறைய உலவுகின்றன. மெஷினுக்கும் கேஸுக்கும் நடுவே பொருந்தாத பிளாஸ்டிக் வளையம், தண்டு கேஸ் துளைக்குச் சற்று மேலேயோ கீழேயோ வருவது, டயலின் கால்களை வெட்டிப் பசையால் ஒட்டியிருப்பது, விநாடி முள் சின்ன வட்டத்தின் மையத்தில் நிற்காதது, கேஸ் திருகுகள் பிடித்த தடம் மெஷினில் வேறொரு இடத்தில் தெரிவது ஆகியவை இதைக் காட்டிக் கொடுக்கும். பெரிய விட்டமுள்ள கைவாட்ச் ஒன்றில் யுனிடாஸ் 6497 போன்ற 36.6 மி.மீ. மெஷின் இருந்தால் அது பாக்கெட் வாட்ச் மெஷினாகப் பிறந்திருக்கலாம், கேஸ் பின்னாளில் வந்திருக்கலாம். கிரோனோகிராஃபில் பட்டன்கள் நடந்துகொள்ளும் விதமும் சோதனைதான்: லாந்தெரோன் 48இல் மேல் பட்டன் தொடங்க மட்டும் செய்யும், நிறுத்துவதும் முள்ளைத் திரும்பக் கொண்டுவருவதும் கீழ்ப் பட்டன். அப்படி நடந்துகொள்ளாத மெஷினை லாந்தெரோன் 48 என்று விற்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

கிரவுனில் உள்ள சின்னத்துக்கு அதிக எடை கொடுக்க வேண்டாம். தேய்ந்ததும் முதலில் மாறும் பாகம் அதுதான். முட்களும் அப்படியே.

முடிவை எழுதி வைக்கும்போது நான்கு கேள்விகளுக்கும் தனித்தனி வரி போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் எங்கே இருந்தது என்று சேர்த்து. "மெஷின்: ஏ.எஸ். 1130, அடித்தட்டு முத்திரை. கேஸ்: செய்தவர் தெரியவில்லை, குரோம், எஃகு மூடி. பூட்டியவர்: தெரியவில்லை. டயல்: அசல், பெயர் சுவிஸ் பதிவில் இல்லை. காலம்: மெஷினையும் அதிர்ச்சித் தாங்கியையும் வைத்து 1930களின் பிற்பாதி அல்லது அதற்குப் பின்." ஏ.எஸ். 1130 இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் ராணுவ வாட்சுகளில் பல பிராண்ட் பெயர்களின் கீழ் வந்த மெஷின். ஆகவே அந்த வரி கிடைத்ததும் பின்மூடியின் வெளிப்பக்கத்தில் 'டி.எச்.' என்ற ஜெர்மன் ராணுவக் குறியும் வரிசை எண்ணும் இருக்கின்றனவா என்று திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டும். தேய்ந்த முத்திரையாக இருந்தால் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்; பாலிஷ் போட்டுத் துடைத்துவிட்டுத் தேடினால் இருந்ததும் போய்விடும்.